சனிக்கிழமை கிளாஸ நிறுத்தினவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பிரின்சிபல் சார், டீன் சார், எங்க சிவில் ஹெச்ஓடி மேடம், அப்புறம் நிர்வாகக் கமிட்டியில இருக்கிற எல்லாருக்கும்,

போன வெள்ளிக்கிழமை சாயந்திரம் கிளாஸ் குரூப்ல ஒரு போட்டோ வந்துச்சு. சீல் வச்ச சர்க்குலர், மூணே வரி. என்விரான்மென்ட் அண்ட் சஸ்டெய்னபிலிட்டி மைனர் அடுத்த செமஸ்டர்ல இருந்து நடத்தப்பட மாட்டாது, போதிய மாணவர் எண்ணிக்கை இல்லை, விருப்பம் இருக்கிறவங்க பிசினஸ் டேட்டா அனலிட்டிக்ஸ் மைனருக்கு மாறிக்கலாம். நான் அப்போ கோத்தகிரி பஸ்ல குஞ்சப்பனை தாண்டி ஏறிட்டு இருந்தேன், சிக்னல் போய் போய் வந்துச்சு, போட்டோ பாதி லோடாகி நின்னுச்சு, மீதிய படிக்க அரவேணு வர வேண்டியிருந்துச்சு. படிச்சதுக்கப்புறம் லோடாகாமலே இருந்திருக்கலாம்னு தோணுச்சு.

இந்த மைனர்ல நாங்க 11 பேர். நாலு டிபார்ட்மென்ட்ல இருந்து வந்தவங்க. அண்ணா பல்கலைக்கழகத்தோட 2021 ரெகுலேஷன்ல மெயின் டிகிரி கூடவே 18 கிரெடிட் எக்ஸ்ட்ராவா படிச்சா மைனர் டிகிரின்னு சேர்த்துப் போட்டுத் தருவாங்க, மூணு கிரெடிட் பேப்பர்னா மொத்தம் ஆறு பேப்பர். அதுல மூணு முடிச்சாச்சு. அஞ்சாவது, ஆறாவது செமஸ்டர்ல, மத்தவங்க எல்லாம் சனிக்கிழமை தூங்கிட்டு இருக்கும்போது காலையில எட்டரைக்கு நாங்க கிளாஸ்ல இருந்தோம். மதியம் கிளாஸ் முடிச்சு மேட்டுப்பாளையம் வந்து கோத்தகிரி பஸ் பிடிச்சு வீடு போய்ச் சேர்றதுக்குள்ள இருட்டிடும், ஞாயித்துக்கிழமை மதியமே திரும்பக் கிளம்பணும். ரெண்டு செமஸ்டர் அப்படித்தான் ஓடுச்சு. இப்போ வேற மைனருக்கு மாறிக்கோங்கன்னா இந்த ஒன்பது கிரெடிட்ட எங்க கொண்டு போய் போடுறது? மாறுறதுன்னா முதல்ல இருந்து ஆறு பேப்பர், மிச்சம் இருக்கிறது ரெண்டே செமஸ்டர், அதுல ஒண்ணு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். சர்க்குலர் எழுதினவங்க இந்தக் கணக்க ஒரு தடவை போட்டுப் பாத்திருக்கலாம்.

திங்கக்கிழமை நாலு பேரா ஆபீஸுக்கு வந்தோம். உங்கள பாக்க முடியல சார், மீட்டிங்ல இருந்தீங்க. வெளிய நின்ன எங்ககிட்ட ஒரு சீனியர் ப்ரொஃபசர் சொன்னது, "ஏம்மா, சிவில் படிக்கிற, சிவில ஒழுங்கா படி. மரம் நடுறத பத்தி எல்லாம் என்எஸ்எஸ்ல பாத்துக்கலாம்." அவர் கெட்டவர் இல்ல, நல்லா பாடம் எடுப்பாரு, எனக்கு ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் புரிஞ்சதே அவராலதான். ஆனா அந்த ஒரு வார்த்தைதான் என்ன இந்த லெட்டர எழுத வச்சுது. இந்தப் படிப்புன்னா மரம் நடுறதுன்னு நம்ம காலேஜ்ல இன்னும் நினைச்சிட்டு இருக்கோம்னா, அது என்னன்னு எங்க வீட்டுல நடந்தத வச்சே சொல்றேன்.

எங்கப்பா கொத்தனார். தாத்தா சிலோன்ல இருந்து வந்து டேன்டீ (அரசு தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் வீட்டுல குடியேறினவரு, அப்பாவுக்கு இலை எடுக்கிற வேலை பிடிக்கல, பதினாறு வயசுல கரண்டி பிடிச்சவரு. கோத்தகிரி, குன்னூர் பக்கம் நீங்க லீவுக்கு வந்து தங்குற காட்டேஜ்ல சிலதுக்கு அவரு கல்லு வச்சிருப்பாரு. நான் இந்த மைனர்ல சேர்ந்தப்போ அப்பா கேட்டாரு, "அது என்ன படிப்பு பாப்பா?" நான் சொன்னேன், "கட்டுறது நாளைக்கும் நிக்கணும், அதனால சுத்தி இருக்கிற மண்ணு, தண்ணி எதுவும் கெடக்கூடாது, அதப் படிக்கிறதுப்பா." அவரு கொஞ்ச நேரம் பீடிய உருட்டிட்டு கேட்டாரு, "அப்போ மத்த பேப்பர்ல இன்னைக்கு நிக்கிறதுக்கு மட்டுந்தான் சொல்லித் தர்றாங்களா?"

போன அக்டோபர்ல அவருக்கு ஒரு வேலை வந்துச்சு. சரிவுல ஒரு காட்டேஜ், கீழ பார்க்கிங், நடுவுல பத்தடி தடுப்புச் சுவர். ஓனரும் கீழ, சமவெளியில இருந்து வந்தவரு, இன்ஜினியரும் கீழ இருந்து வர்றவரு, வாரத்துக்கு ஒரு தடவை வந்து போட்டோ எடுத்துட்டுப் போவாரு. எங்கப்பா வழக்கமா தடுப்புச் சுவர் வச்சா நாலடிக்கு ஒண்ணா பிவிசி பைப் துண்டு வெளிப்பக்கமா லேசா சாச்சு வைப்பாரு, அதோட உள்வாய்ல முக்கால் ஜல்லி ஒரு கூடை கொட்டி, அதுக்கப்புறந்தான் மண்ணு தள்ளுவாரு. தண்ணி வெளிய வர்றதுக்கு. நம்ம புக்குல வீப் ஹோல்னு போட்டிருக்கிறது அதுதான். இன்ஜினியர் வேண்டாம்னுட்டாரு. ஓனர் ஸ்டோன் க்ளாடிங் ஒட்டப்போறாராம், ஓட்டை இருந்தா பாக்க அசிங்கமா இருக்குமாம், பைப்ல தண்ணி ஒழுகி கல்லுல பாசி பிடிக்குமாம். அப்பா ரெண்டு தடவை சொன்னாரு, மூணாவது தடவை சொன்னா வேலை போயிடும்னு வாய மூடிக்கிட்டாரு. நவம்பர்ல மூணு நாள் விடாம மழை. முதல் நாள் சுவர்ல ஒண்ணும் தெரியல. ரெண்டாவது நாள் சாயந்திரம் நடுவுல வயிறு தள்ளுச்சு, ஒரு கைப்பிடி அளவு. மூணாவது நாள் விடியக்காலை மொத்தமா பார்க்கிங்ல கிடந்துச்சு. நல்லவேளை கார் இல்ல, ஆள் இல்ல. அப்பாவுக்கு மூணு வாரக் கூலி வரல, "நீ வச்ச சுவர்தான விழுந்துச்சு"ன்னுட்டாங்க.

சிவில் படிச்ச உங்களுக்குக் கணக்கு தெரியும், மத்த கமிட்டி மெம்பர்களுக்காக சொல்றேன். மூணு மீட்டர் சுவருக்குப் பின்னாடி காஞ்ச மண்ணு இருந்தா ஒரு மீட்டர் நீளத்துக்கு அது தள்ளுறது சுமாரா 2.7 டன். அதே இடத்துல தண்ணி மேல வரைக்கும் தேங்கி நின்னா தண்ணி மட்டுமே 4.5 டன் தள்ளும், அதுக்கு மேல ஊறின மண்ணோட பங்கு தனி. ஆக மொத்தம் ரெண்டு மடங்குக்கு மேல. ஒரு பைப் துண்டு என்ன விலை வந்துடப்போகுது.

இது சாயில் மெக்கானிக்ஸ்லயே இருக்கே, இதுக்கு எதுக்கு தனி மைனர்னு நீங்க கேப்பீங்க. நியாயமான கேள்விதான், நானும் அப்படித்தான் நினைச்சேன். சாயில் மெக்கானிக்ஸ் எனக்கு சொல்லிக் கொடுத்தது சுவருக்குப் பின்னாடி இவ்வளவு தண்ணி இருந்தா இவ்வளவு தள்ளும்னு. அந்தத் தண்ணி அங்க ஏன் வந்துச்சுன்னு எந்தக் கோர் பேப்பர்லயும் யாரும் கேக்கல. மைனர்ல கேட்டாங்க. மினி ப்ராஜெக்டுக்கு நானும் இன்னொரு பையனும் அந்த விழுந்த சுவருக்கு மேல ஏறிப் போய் பாத்தோம். மேல ஒரு சின்ன சதுப்பு இருந்திருக்கு, அக்கம்பக்கத்து ஹட்டியில (படுகர் ஊர்ல) இருக்கிற பெரியவங்களக் கேட்டா அங்கதான் மாடு தண்ணி குடிக்கும்னாங்க, நாலஞ்சு வருஷம் முன்னாடி மண்ணு போட்டு மூடி பிளாட் போட்டாச்சு. அதுல இருந்து வந்த ஓடை ஒரு ரோட்டுக்கு அடியில குழாய்க்குள்ள போகுது, குழாய் வாய்ல பாதிக்கு மேல பிளாஸ்டிக்கும் சீகை மரத்து இலையும். போக வழி இல்லாத தண்ணி சரிவுக்குள்ள இறங்குது, இறங்கி எங்கப்பா வச்ச சுவர்கிட்ட வந்து நிக்குது. அன்னைக்கு எங்க வீட்டுல இருந்து மெயின் ரோடு வரைக்கும் இருக்கிற சுவர எல்லாம் எண்ணிட்டு வந்தோம், 23 சுவர், 9 சுவர்ல ஓட்டையே இல்ல, இன்னும் சிலதுல இருந்த ஓட்டைய சிமெண்ட் வச்சு அடைச்சிருக்காங்க, பாம்பு வருதாம்.

அந்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட் டிபார்ட்மென்ட் லைப்ரரியில இருக்கு மேடம். ஒரு தடவை புரட்டிப் பாருங்க.

சதுப்புன்னு சொன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. எங்களுக்கு மைனர் எடுத்த சார் ஒரு தடவை எல்லாரையும் மேல கூட்டிட்டு வந்தாரு, சொந்தக் காசுல வேன் பிடிச்சு. கோத்தகிரியில லாங்வுட் சோலைக் காட்டுக்குப் பக்கத்துல நிறுத்தினாரு. 116 ஹெக்டேர் தான் அந்தச் சோலை, ஆனா சுத்துப்பட்டு ஊர்கள் பலதுக்கு அதுதான் தண்ணி. திருப்பூர்ல இருந்து வந்த எங்க ஈஸிஇ பொண்ணு ஒருத்தி, மலையவே டூர்ல மட்டும் பாத்தவ, சோலைக்குள்ள கீழ கிடந்த இலைமண்ண ஒரு கை அள்ளினா. மழை நின்னு பத்து நாள் ஆயிருச்சு, வெளிய தேயிலைத் தோட்டத்து மண்ணு வெடிச்சுக் கிடக்குது. அவ கைய மூடி அழுத்தினதும் விரல் இடுக்குல தண்ணி வழிஞ்சுது. சார் ஒண்ணும் சொல்லல. தேயிலைத் தோட்டத்து மண்ணையும் அள்ள சொன்னாரு, அழுத்துனா பொடியா உதிர்ந்துச்சு. அவ்வளவுதான் அன்னைக்கு கிளாஸ். அந்த சாரோட கான்ட்ராக்ட மே மாசத்தோட முடிச்சுட்டீங்க. ஆள் இல்லாததால கோர்ஸ் இல்லையா, கோர்ஸ் இல்லாததால ஆள் இல்லையான்னு எங்களுக்கு இன்னும் புரியல.

எல்லாருக்கும் கட்டாயமா ஒரு என்விரான்மென்ட் பேப்பர் இருக்கே, அது போதாதான்னு டீன் சார் கேட்டதா கேள்விப்பட்டேன். அந்தப் பேப்பர் எப்படி வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், வக்கீல் எம்.சி.மேத்தா போட்ட கேஸ்ல 1991ல சுப்ரீம் கோர்ட் சொல்லி, யாரும் கண்டுக்காம, 2003ல திரும்ப கோர்ட் அழுத்திச் சொல்லித்தான் காலேஜ்ல எல்லாம் உள்ள வந்துச்சு. கோர்ட்டுக்கு பயந்து வந்த பேப்பர அதே பயத்தோடதான் நடத்துறோம். ரெண்டு கிரெடிட், ஜெராக்ஸ் கடை நோட்ஸ், ஓசோன் படலத்துக்கு ஒரு 13 மார்க், மழைநீர் சேகரிப்பு படம் வரைஞ்சா இன்னொரு 13 மார்க். நான் அதுல நல்ல கிரேடுதான் வாங்கினேன். அதப் படிச்சிட்டு எந்த மெக்கானிக்கல் பையனும் பாய்லர பாக்குற விதம் மாறினதா எனக்குத் தெரியல. அவங்கவங்க தொழிலோட சேர்த்து வச்சுப் படிச்சாத்தான் அது ஒட்டும். எங்க பேட்ச்ல மெக்கானிக்கல் பையன் ஒருத்தன், குன்னூர் பக்கம், வீட்டுல முக்கால் ஏக்கர் தேயிலை. ஒரு கிலோ தூளுக்கு சுமார் நாலரை கிலோ பச்சை இலை போகணும், மீதி எல்லாம் தண்ணி, அந்தத் தண்ணிய ஃபேன் காத்துலயும் விறகு சூட்டுலயும் வெளியேத்துறதுதான் பாதி ஃபேக்டரி வேலை. இவன் ஒரு ஃபேக்டரியில பத்து நாள் ராத்திரி உக்காந்து இலைய பரப்பி வாட்டுற தொட்டியில (ட்ரஃப்) ஃபேன் எத்தனை மணி நேரம் சும்மா ஓடுதுன்னு குறிச்சான். இலை வாடி முடிஞ்சும் ஃபேன் ஓடிட்டு இருக்கும், ஆப் பண்ண ஆள் தூங்கியிருப்பான். ஹீட் ட்ரான்ஸ்ஃபர் பேப்பர்ல படிச்சத அவன் முதல் தடவையா சொந்த ஊர்ல பாத்தான். இலைக்கு கிலோவுக்கு எட்டணா கூட கொடுக்க முடியாதுன்னு ஃபேக்டரிக்காரங்க சொல்லும்போது, அந்த எட்டணா எங்க போகுதுன்னு அவனுக்கு இப்போ கொஞ்சம் தெரியும்.

கோர்ட்டும் சர்க்காரும்கூட இப்படித்தான் ரெண்டு துறைய சேர்த்து வச்சுப் பாக்குறாங்க. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7ல இருந்து இ-பாஸ் வந்துச்சுல்ல, நீங்களும் எடுத்திருப்பீங்க. இந்த மலை எத்தனை வண்டி தாங்கும்னு கணக்கு போடுற வேலை யார்கிட்ட போச்சு? ஐஐடி மெட்ராஸ்கிட்டயும் ஐஐஎம் பெங்களூர்கிட்டயும். அந்த ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே நீலகிரிக்கு சாதா நாள்ல 6000 வண்டி, சனி ஞாயிறு 8000ன்னு 2025 ஏப்ரல்ல ஹைகோர்ட் கட்டுப்பாடு வச்சுது. இன்ஜினியரிங், மேனேஜ்மென்ட், சுற்றுச்சூழல் மூணும் ஒரே கேள்வியில. அந்தக் கேள்விக்குப் பதில் தேடுற ஆளா எங்க காலேஜ் பசங்க வரக்கூடாதா?

ப்ளேஸ்மென்ட்டுக்கு உதவாதுன்னு ப்ளேஸ்மென்ட் செல்லுல சொல்றாங்க. சரி, அதையே பேசுவோம். 20,000 சதுர மீட்டருக்கு மேல கட்டுற கட்டடத்துக்கு 2006 நோட்டிஃபிகேஷன்படி சுற்றுச்சூழல் அனுமதி வாங்கணும், அந்த ஃபைல யார் தயார் பண்றாங்க? பங்குச் சந்தைய கண்காணிக்கிற செபி 2021ல சொன்னபடி 2022-23ல இருந்து டாப் 1000 லிஸ்டட் கம்பெனிங்க வருஷா வருஷம் பிஆர்எஸ்ஆர்னு ஒரு ரிப்போர்ட் கொடுத்தே ஆகணும், எவ்வளவு தண்ணி, எவ்வளவு கரண்ட், எவ்வளவு கழிவுன்னு. அந்தக் கணக்கெடுக்க சைட் தெரிஞ்ச ஆளு வேணாமா? உலகத்துல வெளிவர்ற கார்பன் டை ஆக்சைடுல கிட்டத்தட்ட 8 சதவீதம் சிமெண்ட்ல இருந்து மட்டும் வருதுன்னு சொல்றாங்க, நம்ம சிவில்காரங்களுக்கு சிமெண்ட் தான சோறு. இதெல்லாம் வேலை இல்லாத துறைன்னா எப்படி. ஆனா ஒண்ணு ஒத்துக்கணும், இந்த வருஷம் கேம்பஸுக்கு வந்தவங்க யாரும் எங்க மைனர பத்தி ஒரு கேள்வியும் கேக்கல. அத மறைக்க விரும்பல. பெரும்பாலும் வந்தது சாஃப்ட்வேர் கம்பெனிங்க, அவங்க சிவில பத்தியும்தான் கேக்கல, அதுக்காக சிவில் டிபார்ட்மென்ட்ட மூடுனீங்களா?

நான் கேம்பஸ்ல ப்ளேஸ் ஆகலைன்னாலும் பரவாயில்ல, மேல வந்து வேலை பாக்கத்தான் ஆசை. எங்க ஊர்ல கட்டடம் கட்டுறது கீழ மாதிரி இல்ல. 7 மீட்டருக்கு மேல உயரம் போகக்கூடாது. 1990ல இருந்து ஹாக்கான்னு மலைப்பகுதி பாதுகாப்புக்கு ஒரு ஆணையம் இருக்கு, அதுக்குள்ள வர்ற கிராமத்துல கட்டணும்னா கனிமவளம், வேளாண் பொறியியல், வனத்துறைன்னு ஒவ்வொரு ஆபீஸா என்ஓசிக்கு அலையணும். பொக்லைன் இறக்கணும்னாகூட கலெக்டர் அனுமதி. இதெல்லாம் ஏன் இருக்குன்னு புரியாம கீழ இருந்து ப்ளான் போடுற இன்ஜினியருக்கு இது எல்லாமே லஞ்சம் கொடுத்து தாண்ட வேண்டிய வேலி. சீகூர்ல யானை போற வழியில ரிசார்ட் கட்டினாங்கல்ல, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2020ல அது யானை வழிதான்னு கோர்ட் உறுதி பண்ணுச்சு, அந்த ரிசார்ட்டுக்கும் ஒரு சிவில் இன்ஜினியர்தான ட்ராயிங் போட்டிருப்பாரு. அவருக்கு பீம் டிசைன் நல்லாத்தான் தெரிஞ்சிருக்கும்.

2009 நவம்பர் உங்களுக்கு ஞாபகம் இருக்கா தெரியல. எனக்கு அப்போ அஞ்சு வயசு, யுகேஜி. கேத்தியில ஒரே நாள்ல 82 செ.மீ. மழை. எனக்கு ஞாபகம் இருக்கிறது ரெண்டுதான். ஒண்ணு, எங்கள எல்லாம் பள்ளிக்கூடத்துல தங்க வச்சாங்க, பெஞ்ச சேத்துப் போட்டு அது மேல படுத்தோம், பெரிய அண்டாவுல உப்புமா. இன்னொண்ணு, அப்பா ரெண்டு நாள் கழிச்சு வந்தாரு, முழங்கால் வரைக்கும் செம்மண்ணு காஞ்சு ஒட்டியிருந்துச்சு, அம்மா தண்ணி ஊத்தி ஊத்தி கழுவினா, அவரு ஒரு வார்த்தை பேசல. கடப்பாரை எடுத்துட்டு எங்க போனாருன்னு எனக்கு பத்து வருஷம் கழிச்சுத்தான் சொன்னாங்க. அந்த நவம்பர்ல நாப்பது பேருக்கு மேல செத்துப்போனாங்க இந்த மாவட்டத்துல. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 91 செ.மீ. கொட்டுச்சு. 2024 ஜூலை 30 வயநாடு, கூடலூர்ல இருந்து பக்கம், எரநூறுக்கு மேல உயிர். மாவட்ட நிர்வாகமே நீலகிரில 283 இடம் ஆபத்தான இடம்னு லிஸ்ட் வச்சிருக்கு, மழை வந்தா ஆள் போட்டுப் பாத்துட்டு இருக்காங்க. மழைய நம்மால ஒண்ணும் பண்ண முடியாது. எங்க வெட்டணும், எங்க வெட்டக்கூடாது, தண்ணிக்கு எங்க வழி விடணும்கிறது இன்ஜினியர் கையிலதான் இருக்கு. கோத்தகிரி மேட்டுப்பாளையம் ரோட்டுல சாயில் நெய்லிங் (சரிவுக்குள்ள கம்பி இறக்குறது) அடிச்சு மேல புல்லு வளத்திருக்காங்க பாத்திருப்பீங்க, கம்பியும் புல்லும் ஒண்ணா வேலை செய்யுது, பஸ்ல போகும்போதெல்லாம் நான் அத எட்டிப் பாப்பேன். அந்தப் புல்லு எதுக்குன்னு எங்க கோர் பேப்பர்ல ஒரு வரி இல்ல.

இது மலைக்காரங்க பிரச்சனை, கீழ இருக்கிற காலேஜுக்கு என்னன்னு யாராவது நினைச்சா, ஹாஸ்டல் டேங்க்ல வர்ற பில்லூர் அணைத் தண்ணி எங்க இருந்து வருதுன்னு ஒரு தடவை யோசிங்க. மேல மண்ணு சரிஞ்சா அந்தக் கலங்கல் கீழதான் வரும்.

இன்னொண்ணும் சொல்லியாகணும், கசப்பாத்தான் இருக்கும். காலேஜுக்கு கிரேடு போடுற நாக் டீம் வந்தப்போ, சுற்றுச்சூழல் எல்லாம் வர்ற ஏழாவது க்ரைட்டீரியனுக்கு ப்ரசன்டேஷன் காட்டுனீங்க. அதுல நாங்க சோலைக்குப் பக்கத்துல நிக்கிற போட்டோ இருந்துச்சு, அந்த ஈஸிஇ பொண்ணு கையில மண்ணோட. "நிலைத்த வளர்ச்சியில் எங்கள் மாணவர்கள்"னு மேல எழுதியிருந்துச்சு. டீம் போய் அஞ்சு மாசம் ஆகல, கோர்ஸ் இல்ல. ஆனா மெயின் கேட்டுல அட்மிஷனுக்கு வச்சிருக்கிற பேனர்ல அதே போட்டோ இன்னும் இருக்கு. பேனர் ஃப்ளெக்ஸ்ல அடிச்சது, அத விடுங்க. மேல எங்க ஊர்ல ரெண்டாயிரமாவது வருஷத்துல இருந்தே பிளாஸ்டிக்க எதிர்த்து கத்திட்டு இருக்காங்க, தண்ணி பாட்டில் கொண்டு போனா கல்லார் செக்போஸ்ட்லயே பிடுங்கிடுவாங்க.

11 பேர் கம்மின்னு சொல்றீங்க. ஏன் 11 பேர்னு விசாரிச்சீங்களா? மைனர் லிஸ்ட் நோட்டீஸ் போர்டுல ரெண்டே நாள்தான் இருந்துச்சு. டேட்டா அனலிட்டிக்ஸுக்கு ஆடிட்டோரியத்துல ஓரியன்டேஷன் வச்சு ஸ்நாக்ஸ் கொடுத்தீங்க, இதுக்கு ஒரு போஸ்டர் கூட இல்ல. டைம் டேபிள்ல சனிக்கிழமை தள்ளினதும் நீங்கதான், அதனால டே ஸ்காலர் பசங்க பாதிப் பேர் வரல. எங்க ஜூனியர்ல மட்டும் சேரணும்னு கேட்டுட்டு இருக்கிறவங்க இருபது பேருக்கு மேல, லிஸ்ட் எடுத்து வச்சிருக்கோம், கையெழுத்தோட தர்றோம்.

இப்போ நாங்க கேக்குறத சொல்லிடுறேன்.

முதல்ல, ஆரம்பிச்ச 11 பேருக்கும் மிச்சம் இருக்கிற மூணு பேப்பரையும் வர்ற ரெண்டு செமஸ்டர்ல நடத்தி முடிச்சுக் கொடுக்கணும், ஆன்லைன்ல பாத்துக்கோங்கன்னு கை கழுவாம ஆள் வச்சு நடத்தணும். ஆன்லைன் வீடியோவுல மண்ண அழுத்திப் பாக்க முடியாது சார். காலேஜ் திறக்கிறதுக்குள்ள இது எழுத்துல வேணும், வாய்மொழியா "பாக்கலாம்"னு சொன்னா ஏத்துக்க மாட்டோம்.

அடுத்து, ஜூனியர் பேட்சுக்கு இந்த மைனர திரும்பத் திறக்கணும். எண்ணிக்கைய டிபார்ட்மென்ட் வாரியா பாக்காம மொத்த காலேஜுக்கும் சேர்த்துப் பாருங்க, நோட்டீஸ் குறைஞ்சது ரெண்டு வாரம் இருக்கட்டும், கிளாஸ வார நாள்ல கடைசி ரெண்டு பீரியட்ல போடுங்க. எங்கள மாதிரி மேல இருந்து வர்ற பசங்களும் டே ஸ்காலர் பசங்களும் அப்பதான் சேர முடியும்.

எங்க சார திரும்பக் கூப்பிடணும்னு கேக்குறது எங்க அதிகாரத்துல இல்லன்னு தெரியும், இருந்தாலும் கேக்குறோம். அவரு இல்லைன்னா ஃபீல்டு தெரிஞ்ச வேற ஒருத்தர போடுங்க, வேலை பளு குறைவா இருக்குன்னு யாரோ ஒருத்தர் தலையில கட்டாதீங்க. செமஸ்டருக்கு ஒரு தடவையாவது மேல கூட்டிட்டுப் போக காலேஜ் பஸ் வேணும், டீசல் நாங்க ஷேர் பண்ணிக்கிறோம். சாப்பாடு எங்க வீட்டுல.

சிவில் ஹெச்ஓடி மேடத்துக்கு தனியா ஒரு வேண்டுகோள். மைனர் நடந்தாலும் நடக்காட்டியும், தடுப்புச் சுவர் டிசைன் எடுக்கும்போது ஒரே ஒரு கிளாஸுக்கு எங்கப்பாவ கூப்பிடுங்க. அவருக்கு இங்கிலீஷ் வராது, போர்டுல எழுத வராது, ஆனா ஒரு பைப் துண்டும் ஒரு கூடை ஜல்லியும் கொண்டு வருவாரு.

இது எதுவுமே முடியாதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, அந்த முடிவு எந்த மீட்டிங்ல, என்ன காரணத்தால எடுத்தீங்கன்னு மினிட்ஸ எங்களுக்குக் காட்டுங்க. கூடவே மெயின் கேட்டுல இருக்கிற பேனர்ல இருந்து எங்க போட்டோவ எடுத்துடுங்க. அதப் பாத்துட்டு எங்க ஊர்ல இருந்து ஒரு தங்கச்சி போன வாரம் போன் பண்ணி, "அக்கா, இந்தக் கோர்ஸ் அங்க இருக்காமே, சேரட்டுமா?"ன்னு கேட்டா. நான் இன்னும் பதில் சொல்லல. கவுன்சிலிங்ல சாய்ஸ் போடுறதுக்குள்ள சொல்லணும்.

இப்படிக்கு,
கோத்தகிரி பக்கத்துல இருந்து வர்ற சிவில் மாணவி, மத்த பத்து பேரோட சம்மதத்தோட.
(பேர் போடல. ஹால் டிக்கெட் இன்னும் ரெண்டு தடவை வாங்க வேண்டியிருக்கு.)